அருவிக்கு முன்னால் ஒரு சாப்பாட்டுத் தட்டு

தேனு, குமரா, அமுதா, மூன்று பேருக்கும் அப்பா எழுதுவது.

போன வாரம் நான் போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு குமரன் போன் போட்டான். "அப்பா, உன் ஸ்டூடியோ கதை போதும். அக்கா ஸ்கூலுக்குப் போன கதைய எழுது. அந்த அருவி மேட்டர மறக்காத" என்றான்.

குமரனுக்கு அப்போது மூன்று வயது. அமுதா பிறக்கவே இல்லை. ஆனாலும் இருவரும் கூடவே நின்று பார்த்த மாதிரி பேசுவார்கள். உண்மையில் அங்கே இருந்தவள் தேனு ஒருத்திதான். அவள் அதைப் பற்றிப் பேசமாட்டாள்.

ஆகையால் தேனு, உன் கதையை உன்னைக் கேட்காமல் எழுதுகிறேன். தப்பு இருந்தால் இந்தப் பக்கத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிடு. பிடிக்காததையெல்லாம் நீ அங்கேதானே வைப்பாய்.

பம்புக்கு ஒரு ஓட்டம்

திண்டிவனத்தில் நம் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த அரசுப் பள்ளிக்கூடம். பகல் சாப்பாட்டு நேரம். வேப்பமரத்தடியில் பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். சாம்பார் சாதத்தின் ஆவி மரம் வரைக்கும் எழும்புகிறது.

வரிசையின் கடைசியில் தேனு. அவளுக்கு ஏழு வயது முடிந்திருந்தது. அவள் முன்னால் விஜயா மிஸ் முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு படத்தை நீட்டுகிறார். நான் எடுத்த படம். பளபளவென்று ஒரு சாப்பாட்டுத் தட்டு.

தேனு அதை வாங்கினாள். மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பானது. எழுந்தாள், ஒரே ஓட்டம். வரிசையைத் தாண்டி, சமையல் கொட்டகையைத் தாண்டி, நேராகக் கைப்பம்புக்குப் போய், அதன் வாய்க்குக் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். யாராவது அடியுங்கள் என்று அர்த்தம்.

"பாத்தீங்களாண்ணா? மூணு நாளா இதே கததான். தட்டு காட்னாலும் பம்பு, பாய் காட்னாலும் பம்பு, செருப்பு காட்னாலும் பம்பு. எனுக்கே மண்ட காஞ்சி போச்சி" என்றார் விஜயா மிஸ்.

நான் விரல் விட்டு நாட்களை எண்ணினேன். ஏனென்றால் எங்களுக்குக் கெடு வைத்திருந்தார்கள்.

எச்.எம். சார் மோசமான மனிதர் இல்லை. தேனுவைச் சேர்க்கும்போது ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மெயின் ரோடு. பஸ்ஸும் கரும்பு லாரியும் போய்க்கொண்டே இருக்கும். தேனு இரண்டு தடவை கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடிவிட்டாள். இரண்டாவது தடவை அவளைத் தூக்கி வந்தது அவரேதான்.

"போட்டோக்காரரே, உம் பொண்ணு வேணான்னு நான் சொல்லல. கவர்மெண்டு சேத்துக்கோன்னு சொல்லுது, சேத்துக்கினேன். ஆனா எதனா ஒண்ணு ஆச்சின்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? காலாண்டுப் பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கெழம வரைக்கும் டைம் தர்றேன். அன்னிக்கு நீயும் இங்க இருக்கக் கூடாது, வூட்டம்மாவும் இருக்கக் கூடாது. பொண்ணு வரிசைல ஒக்காந்து சாப்டணும். சாயங்காலம் பெல்லு அடிக்கிற வரைக்கும் கிளாஸ்ல இருக்கணும். இல்லன்னா வீட்டோட வச்சிக்க. மிஸ் வாரத்துல ஒரு நாளு வந்து சொல்லிக்குடுக்கட்டும்."

அதுவரைக்கும் உங்கள் அம்மா தினமும் கிளாஸ் வாசலில் உட்கார்ந்திருந்தாள். கடலை உடைக்கும் மல்லாட்டை மில் வேலையை விட்டிருந்தாள். வீட்டோடு வைத்துக்கொள் என்றால் அவள் வைத்துக்கொள்வாள். அது பெரிய காரியம் இல்லை. ஆனால் கொஞ்ச நாளாகக் காலையில் நாங்கள் சொல்லாமலே தேனு பையை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போய் நிற்க ஆரம்பித்திருந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் பிடித்துவிட்டது. எப்படி அவளிடம் போய், இனிமேல் கிடையாது என்று சொல்வது? எந்தப் படத்தைக் காட்டிச் சொல்வது?

என் கேமராவைப் பார்க்காத பிள்ளை

கொஞ்சம் பின்னால் போகிறேன்.

குழந்தைகளைச் சிரிக்கவைத்துப் படம் எடுப்பதில் எனக்கு அப்போது நல்ல பெயர். காது குத்து, மொட்டை, முதல் பிறந்த நாள் எதுவாக இருந்தாலும், "அந்த ஆளக் கூப்புடு, கொழந்தைய சிரிக்கவச்சிடுவாரு" என்பார்கள். மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் ஒரு மொட்டை விசேஷத்தில், வீறிட்டுக் கத்திய குழந்தையின் முன்னால் நான் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து காட்டி, குழந்தையோடு சேர்த்து முழுக் குடும்பத்தையும் சிரிக்கவைத்திருக்கிறேன்.

தேனு மட்டும் என் கேமராவைப் பார்க்கவே மாட்டாள். கிலுகிலுப்பை ஆட்டுவேன், விசில் அடிப்பேன், நண்டு நடை நடப்பேன். அவள் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துச் சிரிப்பாள். அவளுடைய முதல் பிறந்த நாள் படம் முழுக்க அவள் கன்னமும் காதும்தான்.

பேசும் வயது வந்தும் அவளுக்குப் பேச்சு வரவில்லை; ஆளுக்கு ஒரு யோசனை. பனமலைக் கோயிலில் படி ஏறச் சொன்னார்கள். ஏறினோம். மேலே நல்ல காற்று. தேனு கல் தூணில் கன்னத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் நின்றாள். அவளுக்கு அந்தக் குளிர்ச்சி பிடித்திருந்தது. பேச்சு வரவில்லை. ஆனால் நல்ல நாள் அது. இன்றைக்கும் அந்த ஏற்றத்தை நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் விழுப்புரத்தில் ஒரு கேம்ப் நடந்தது. பள்ளிக்கூடத்தில் சேரும் வயதில் இருக்கும் இந்த மாதிரிப் பிள்ளைகளை டாக்டர்கள் பார்ப்பார்கள் என்றார்கள். பஸ்ஸில் தேனு ஜன்னல் கம்பியில் நாக்கை வைத்துக்கொண்டே வந்தாள். கேம்பில் ஒரு டாக்டரம்மா அவளோடு தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆட்டிசம்" என்றார். நான் பத்தாவது ஃபெயில். அந்த வார்த்தையை ஒரு ஃபிலிம் ரோல் டப்பாவின் மூடியில் எழுதிக்கொண்டு வந்தேன். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குக் கொடுத்த ஃபாரத்தில் அந்த வார்த்தைக்கு அப்போது கட்டமே இல்லை. வேறு ஒரு கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்தார்கள். டாக்டரம்மாவே, "இதுல போட்டாதான் உங்களுக்கு உதவி கிடைக்கும். மனசுல வச்சிக்காதீங்க" என்றார்.

விஜயா மிஸ்ஸை அங்கேதான் பார்த்தோம். சின்ன வயது. சிறப்பு ஆசிரியராக அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து வாரத்தில் மூன்று நாள் நம் பள்ளிக்கூடத்துக்கு வருவார். மற்ற நாட்களில் வேறு ஊர்களுக்குப் போவார். அவருடைய துணிப்பையில் மணி, பஞ்சு, கோலிக்குண்டு, சோப்பு டப்பா என்று என்னென்னவோ இருக்கும்.

ஆறு படம், ஒரு டப்பா

படம் காட்டும் யோசனை விஜயா மிஸ்ஸுடையது.

"அண்ணா, போர்டு இல்லாத பஸ்ல உங்கள ஏத்திவுட்டா எப்டி இருக்கும்? எங்க போவுதுன்னு தெரியாது, எப்ப எறங்கணும்னு தெரியாது. பயந்து குதிக்கத்தான் பாப்பீங்க. தேனுவுக்கு ஸ்கூலு அந்த மாதிரி. அடுத்தது இன்னான்னு தெரிஞ்சிட்டா ஓடாது."

ஒரு நாளில் நடப்பதை ஆறு படமாக்க வேண்டும். பை, பாய், சிலேட்டு, டம்ளர், தட்டு, கடைசியில் வீட்டுக்குப் போகச் செருப்பு. வரிசையாக ஒரு அட்டையில் ஒட்டிவைத்து, ஒன்று முடிந்ததும் அந்தப் படத்தைப் பிய்த்து டப்பாவில் போட வேண்டும். டப்பாவில் போட்டால் முடிந்தது என்று அர்த்தம்.

"படம் வரையணும். எனுக்குக் கோழி வரஞ்சா குதிர மாதிரி வரும்" என்றார்.

"நான் எதுக்கு இருக்கறேன் மிஸ்? வுடுங்க எங்கிட்ட" என்றேன்.

பிள்ளைக்காக ஒரு வேலை, அதுவும் எனக்குத் தெரிந்த வேலை. சும்மா செய்வேனா? பாத்திரக்கடையில் புதுத் தட்டு, புது டம்ளர் வாங்கினேன். பூப்போட்ட பாய். ஒரு கறைகூடப் படாத புதுச் செருப்பு. முதலாளியிடம் சொல்லி ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவில் லைட் போட்டேன். பின்னால் எங்களிடம் இருந்ததிலேயே நல்ல திரையை இறக்கினேன். அது அருவித் திரை. பாறைமேல் வெள்ளையாகத் தண்ணீர் கொட்டும். கல்யாணமான புது ஜோடிகள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். ஒரு ஸ்டூல்மேல் பட்டுத் துணி விரித்து, தட்டை நிமிர்த்தி வைத்து, மாப்பிள்ளையை எடுப்பது போல எடுத்தேன்.

விழுப்புரம் கலர் லேபில் கழுவி வாங்கியபோது அங்கிருந்த பையன், "இன்னாண்ணா, செருப்புக்குக் கல்யாணமா?" என்று கேட்டான். நான் கோபித்துக்கொண்டேன்.

அந்தப் படங்களோடுதான் தேனு மூன்று நாளாகப் பம்புக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

கன்னியம்மா சொன்னது

சத்துணவு சமைக்கும் கன்னியம்மாவைப் பிள்ளைகள் ஆயா என்றுதான் கூப்பிடும். கடலோரக் குப்பத்திலிருந்து கட்டிக்கொடுத்து வந்தவர். அலைச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல். முதல் வாரம் அவர் வாயைத் திறந்தாலே தேனு காதைப் பொத்திக்கொள்வாள். அதற்காகவே அவர் தேனு பக்கத்தில் வரும்போது மட்டும் கிசுகிசுப்பார். அதுவும் பத்தடி கேட்கும்.

அன்று தேனு பம்படியில் நின்றபோது, கன்னியம்மா கரண்டியோடு வந்து விஜயா மிஸ் கையிலிருந்த மற்றப் படங்களை வாங்கிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன் போட்டோக்காரே, இது இன்னாது?"

"பாயிதான்க்கா. வந்து ஒக்காரணும்னு அர்த்தம்."

"பாயி இத்துனூண்டு கீது. பின்னால இன்னாது?"

"அருவி."

"இதுல?"

"அதுவும் அருவிதான்."

"எல்லாத்துலயும் தண்ணி கொட்டிக்கினு கீது. கொழந்த பின்ன எங்க போவும்? பம்புக்குத்தான் போவும். அது சரியாத்தான் போவுது. நீதான் கோணலா எடுத்துக்கினு வந்துகீற."

விஜயா மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் பொத்திய கையையும் மீறிச் சிரித்தார். உங்கள் அம்மா கிளாஸ் வாசலில் எழுந்து நின்றே சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. கடைசியில் நானும் சிரித்துவிட்டேன். ஆறு படத்திலும் தண்ணீரைக் காட்டியிருக்கிறோம், ஆறுக்கும் பிள்ளை சொன்னபடி கேட்டிருக்கிறாள்! நாங்கள்தான் அவளைப் பிடித்துப் பிடித்து இழுத்திருக்கிறோம்.

நான் பம்படிக்குப் போய் தேனுவுக்காக நன்றாக அடித்தேன். கை, முகம், பாவாடை எல்லாம் நனைந்தது. சிரிப்பு தாங்கவில்லை அவளுக்கு.

பூ வைத்த படம்

மறுநாள் ஸ்டூடியோ லைட் வேண்டாம், திரை வேண்டாம், புதுத் தட்டு வேண்டாம் என்று விஜயா மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இருக்கிறது இருக்கிறபடி, இருக்கிற இடத்தில்.

எனக்கு அது சுலபமாக இல்லை. தேனு கிளாஸில் உட்காரும் பாயின் ஓரம் பிய்ந்திருந்தது. கை தானாகப் போய் அதை மடித்துவிட்டது. "மடிக்காதீங்கண்ணா! அது பிஞ்சிதான இருக்கும்!" என்று மிஸ் அதட்டினார். பிய்ந்த பாயை எடுத்தேன். நெளிந்த டம்ளரை எடுத்தேன்.

சாப்பாட்டுப் படத்துக்குத் தட்டை மட்டும் எடுப்பதாகத்தான் இருந்தது. கன்னியம்மா விடவில்லை. "சோறு போடறது நானு. நான் இல்லாம தட்டு மட்டும் இன்னா பண்ணும்?" என்று போய், முகம் கழுவி, பவுடர் போட்டு, யாரையோ ஓடவிட்டு ஒரு முழம் கனகாம்பரம் வாங்கிவரச் சொல்லித் தலையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். படத்தில் தட்டைவிட அந்தப் பூதான் எடுப்பாக விழுந்தது.

புதுப் படங்கள் வந்தன. பாய்ப் படத்தைக் காட்டினோம். தேனு பாயில் போய் உட்கார்ந்தாள். நம்புவீர்களா? சும்மா போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்து படத்தை டப்பாவில் போட்டாள். விஜயா மிஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சாப்பாட்டுப் படம் வந்தபோது தேனு எழுந்து கன்னியம்மாவிடமே போனாள். படத்தைப் பார்த்தாள், அவர் தலையைப் பார்த்தாள். படம், தலை. பிறகு படத்தை அவர் தலைக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நின்றாள். தட்டை வாங்கவில்லை.

"பூ!" என்றார் மிஸ். "ஆயா, படத்துல பூ இருக்குது. உங்க தலைல இல்ல!"

புதிதாகப் படம் எடுத்துக் கழுவி வாங்க ஒரு வாரம் ஆகும். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால் கன்னியம்மா தினமும் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வருவது என்று முடிவானது.

"எம் புருஷனே இம்மாம் வருசத்துல நான் பூ வச்சிகீறனா இல்லியான்னு பாத்ததில்ல" என்று கன்னியம்மா கிசுகிசுத்தார். பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது.

ஆவணி கடைசி முகூர்த்தம்

அந்த வெள்ளிக்கிழமை ஆவணியின் கடைசி முகூர்த்தம். எனக்கு ஒரு கல்யாண வேலை. உங்கள் அம்மாவை நான்தான் பழைய மில்லுக்கே ஒரு நாள் கூலிக்குப் போகச் சொன்னேன். "வாசல்லயே நின்னுக்கினு இருப்ப, அது பாத்துடும். போ" என்றேன். போனாள். குமரனை மில்லுக்கே தூக்கிக்கொண்டு போனாள்.

தாலி கட்டு, குரூப் போட்டோ எல்லாம் ஜல்தியாக முடித்துவிட்டு, கேமரா பையோடு பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் போனேன். உள்ளே போகக் கூடாது என்றுதானே சொன்னார்? சுவருக்கு வெளியே நிற்கக் கூடாது என்று சொல்லவில்லை. இரண்டு செங்கல்லை அடுக்கி ஏறி நின்றேன்.

பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தேனு படத்தோடு எழுந்தாள். கன்னியம்மாவிடம் போனாள். நின்றாள்.

கன்னியம்மா தலையில் மல்லிகை. வெள்ளை மல்லிகை.

"கட கடயா பூந்து வந்தேன் மிஸ்ஸு. முகூர்த்தமாம், கனகாம்பரம் ஒரு முழம் இல்ல. அல்லாத்தையும் வாரிக்கினு பூட்டானுங்க" என்று அவர் அழாத குறையாகச் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. வாரிக்கொண்டு போன கனகாம்பரத்தைக் காலையில் நான் பார்த்திருந்தேன். கல்யாண மண்டபத்தில் பந்தல் கால் முழுக்கச் சுற்றியிருந்தார்கள். அரை முழம் கிள்ளிக்கொண்டு வரத் தோன்றவில்லையே!

விஜயா மிஸ் படத்தைத் தட்டிக் காட்டினார். கன்னியம்மா தட்டைக் காட்டினார். ஒரு பெண் பிள்ளை ஓடிவந்து, "ஆயா, என் ரிப்பன வச்சிக்கோ" என்று அவிழ்த்துக் கொடுத்தது. சிவப்பு ரிப்பன். தேனு அதையும் பார்த்தாள். தலையை ஆட்டினாள். கையை உதற ஆரம்பித்தாள். பிறகு மெதுவாகக் கேட் பக்கம் திரும்பினாள்.

நான் செங்கல்மேல் நின்று சுவரை இறுகப் பிடித்துக்கொண்டேன். குதித்து உள்ளே ஓடினால் எல்லாம் முடிந்தது. ஓடாவிட்டால் ரோடு.

எச்.எம். சார் கேட்டுக்கு முன்னால்தான் நின்றிருந்தார். "இன்னா மிஸ்? இன்னா ஆச்சி?" என்றார்.

மிஸ் சொன்னார். பூவைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போனது. அவருக்கே அது சின்னக் காரணமாகப் பட்டிருக்கும்.

எச்.எம். கேட்டை இழுத்துச் சாத்திவிட்டு விறுவிறுவென்று தன் ரூமுக்குள் போனார். போச்சு, வீட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லி ஃபாரம் எழுதத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு முழம் கனகாம்பரம் தொங்கியது. வெள்ளிக்கிழமை தோறும் அவர் வீட்டுத் தோட்டத்துப் பூவைத் தொடுத்து வந்து ரூமில் இருக்கும் சரஸ்வதி படத்துக்குப் போடுவார். அதைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"சார், சாமி பூவு" என்று கன்னியம்மா பின்வாங்கினார்.

"சரஸ்வதி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ வை மொதல்ல. கொழந்தைக்குப் பசிக்குது" என்றார் எச்.எம்.

கன்னியம்மா வைத்துக்கொண்டார். தேனு படத்தைப் பார்த்தாள். தலையைப் பார்த்தாள். தட்டை வாங்கினாள். வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்து சாம்பார் சாதத்தைப் பிசைந்தாள். பாதி சோறு பாவாடையில், பாதி வாயில். தின்று முடித்ததும் படத்தை டப்பாவில் போட்டாள். அடுத்த படத்தை எடுத்துக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் கிளாஸுக்குள் போய்விட்டாள்.

"யோவ் போட்டோக்காரரே!" எச்.எம். சுவர்ப் பக்கம் பார்த்துக் கத்தினார். "செவுத்துல இன்னா பல்லி மாதிரி? எறங்கிப் போய்யா. நாலு மணிக்கு வந்து கூட்டிக்கினு போ. திங்கக்கெழம பரீட்ச. நேரத்துக்கு அனுப்பு, இன்னா?"

பெல் அடிக்கும் வரை தேனு கிளாஸை விட்டு எழவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் இருந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி.

மூன்று மணி நேரம்

எனக்குப் போக இடமில்லை. மண்டபத்தில் வேலை முடிந்திருந்தது. வீட்டுக்குப் போனேன். பூட்டைத் திறந்து உள்ளே போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கையைத் தூக்கி, கதவின் உச்சியில் இருந்த தாழ்ப்பாளைப் போட்டேன். தேனு நடக்க ஆரம்பித்த வருஷம் அவள் கைக்கு எட்டாத உயரத்தில் அடித்த தாழ்ப்பாள் அது. வீட்டில் யார் நுழைந்தாலும் முதல் வேலை அதைப் போடுவதுதான். உங்கள் அம்மாவுக்கு எட்டாது. அரிசி அளக்கும் படியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறிப் போடுவாள்.

போட்ட பிறகுதான் தோன்றியது, உள்ளே நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று.

பிறகு தாழ்ப்பாளை இழுத்தேன். கதவின் இரண்டு பக்கத்தையும் சுவரில் மோதும் வரை திறந்து, பக்கத்துக்கு ஒரு செங்கல்லாக முட்டுக் கொடுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, கல்யாணத்துக்குப் போட்டிருந்த சட்டையோடு, வாசலுக்கு நேராகத் தரையில் மல்லாந்து படுத்தேன். தெருக் காற்று உள்ளங்காலில் பட்டது. சைக்கிளில் போன யாரோ, "இன்னாப்பா, கதவத் தொறந்து போட்டுக்கினு?" என்று கேட்டார்கள். "சும்மாதான்" என்றேன். எழுந்திருக்கவில்லை.